கண்டி இராச்சியத்தில் ஏடெழுதிய குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ்

தவக்காலம் பிறந்துவிட்டால், நம் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களின் பழைய ஆலயங்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது நெடுங்கால வழக்கம். ஒப்பாரியின் சாயல் கொண்ட இராகத்தில் ஒருவர் வாசிக்க, ஆலயத் தரையில் அமர்ந்திருப்போர் கண்ணீர் மல்கக் கேட்பர். கெத்சமனித் தோட்டத்திலிருந்து கல்லறை வரை ஆண்டவர் நடந்த வழியைத் தாமும் நடந்தவர்களாக வீடு திரும்புவர். நீர்கொழும்புக் கரையோரத்துச் சிங்களக் கத்தோலிக்கருக்கும் இவ்வாறே ஒரு நூல் உண்டு. துக்கப்பிராப்தி பிரசங்கய என்பது அதன் பெயர். துவ என்னும் சிறு தீவின் புகழ்பெற்ற பாஸ்கு நாடகம் அந்நூலிலிருந்தே வளர்ந்தது. இரண்டு மொழியினரையும் அழவைத்த இவ்விரு நூல்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதைப் பலர் அறியார். அந்தக் கைக்குரியவர் தமிழரும் அல்லர், சிங்களவரும் அல்லர். கோவாவில் பிறந்து, கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டு, கண்டி மன்னரின் ஆதரவில் எழுத்தாணி பிடித்த அருட்தந்தை யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரே அவர்.

கோவாவின் மாண்டோவி ஆற்றிடையே உள்ள திவார் தீவில், 1676ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அவர் பிறந்தார். பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. இயேசு சபையினரின் கல்லூரியில் இலத்தீனும் மெய்யியலும் இறையியலும் கற்று, பின்னர் கோவாவின் ஒரட்டோரியன் சபையில் சேர்ந்தார். புனித பிலிப்பு நேரியின் வழியைப் பின்பற்றிய அச்சபை, இந்தியக் குருக்களாலேயே ஆன சபை. ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரை எளிதில் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. கல்வியில் சிறந்த இளங்குருவானவருக்குக் கோவாவிலேயே கற்பிக்கும் பணியும் மதிப்பும் காத்திருந்தன. அவரோ இலங்கைக்குக் கப்பலேறினார்.

அந்நாளைய இலங்கை கத்தோலிக்கக் குருவொருவருக்கு எத்தகைய நாடாயிருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்ற பிரகடனம் 1658இலேயே வெளிவந்தது. குருக்கள் நாடுகடத்தப்பட்டனர், ஆலயங்கள் சீர்திருத்த சபையின் ஆராதனைக்கென எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மேய்ப்பரின்றிக் கிடந்த அந்த மந்தையைத் தேடி, 1687இல் கூலியாளின் கோலத்தில் வந்திறங்கியவரே புனித யோசப் வாஸ் அடிகளார். 1692இல் அவர் கண்டிக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தினால் கைதியாகவே கொண்டுசெல்லப்பட்டார். அதே கண்டி நாளடைவில் அவருக்குப் புகலிடமாயிற்று. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது தூய வாழ்வைக் கண்டு மனம் மாறினான். 1697இல் அம்மைநோய் நகரை வாட்டியபோது, பெற்றவரும் உற்றவரும் கைவிட்டுச் சென்ற நோயாளரை அவர் காட்டுக் குடிசைகளில் பேணியது அம்மதிப்பை உறுதிப்படுத்தியது. கத்தோலிக்கரைத் துரத்திய கிறிஸ்தவ அரசொன்று கரையோரத்தில் இருந்தது. அவர்களுக்கு இடங்கொடுத்த பௌத்த மன்னன் மலைநாட்டில் இருந்தான். நம் திருச்சபை இந்தக் கடனை மறவாதிருப்பது நன்று.

1705இல் கொன்சால்வெஸ் அடிகளார் வந்துசேர்ந்தபோது வாஸ் அடிகளாருக்கு வயது ஐம்பத்து நான்கு. இடைவிடாத நடைப்பயணமும் உபவாசமும் அவரது உடலைத் தளரச் செய்திருந்தன. நாடெங்கும் சிதறிக் கிடந்த விசுவாசிகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்களே இருந்தனர். ஓர் ஊர் மக்கள் குருவானவரை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் இரவு வேளையில் காண்பதே அரிது. திருப்பலி முடிந்ததும் விடியுமுன் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். எஞ்சிய நாட்களில் அம்மக்களைச் செபத்தில் கூட்டியவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமாருமே. ஆனால் அண்ணாவியார் எதை வாசிப்பார்? எதைக் கற்பிப்பார்? கையில் நூல் இல்லையே. புதிதாக வந்த இளங்குருவின் கூர்மையை உணர்ந்த வாஸ் அடிகளார், நாட்டு மொழிகளைத் துறைபோகக் கற்கும் பணியை அவருக்கே ஒப்படைத்தார்.

வரும் வழியிலேயே தமிழைக் கற்கத் தொடங்கியிருந்த அவர், கண்டியில் சிங்களத்தில் ஆழ்ந்தார். சந்தையிற் பேசும் சிங்களம் சில மாதங்களில் வந்துவிடும். அவர் நாடியதோ வடமொழியும் பாளியும் விரவிய இலக்கியச் சிங்களம். அதற்கு நல்லாசிரியர்கள் விகாரைகளில்தான் இருந்தனர். இலத்தீனில் தர்க்கம் படித்த குருவானவர் பௌத்த துறவியரிடம் மாணவராக அமர்ந்து பாடங்கேட்டார் என்று மரபு கூறுகிறது. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் பெருந்துறவியும் அவர் காலத்தவரே. அவர் 1698இல் பிறந்தவர், பிற்காலத்தில் இலங்கைப் பௌத்தத்துக்கு மறுமலர்ச்சி தந்தவர். கல்வி மெலிந்திருந்த அந்நாளில், ஒரே மன்னனின் நிழலில் ஒருவர் பௌத்த நூல்களையும் மற்றவர் கத்தோலிக்க நூல்களையும் ஆக்கினர். சிங்கள உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இன்று இருவரின் பெயரையும் தவிர்ப்பதில்லை.

அம்மன்னன் ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன். 1707இல் அரியணை ஏறி 1739 வரை ஆண்டவன், கண்டியை ஆண்ட சிங்கள மரபினரில் கடைசி அரசன். கண்டிக்கு அருகே குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயராலேயே மக்கள் அவனை அழைத்தனர். மதுரையிலிருந்து மணப்பெண் எடுத்தவனாதலின் அவனது அரண்மனையில் தென்னாட்டு மொழிகளும் புழங்கின. அடிகளாரின் புலமையை அவன் விரும்பினான், அவருடன் உரையாடுவதிலும் இன்பங்கண்டான். 1711 ஜனவரி 16இல் வாஸ் அடிகளார் கண்டியில் இறைபதம் அடைந்தபின்னும் மறைப்பணி தடையின்றித் தொடர்ந்ததற்கு இந்நட்பு பெருந்துணையாயிற்று.

அடிகளார் எழுதினார். வாழ்நாள் முடியும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். சிங்களத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள், தமிழில் பதினைந்தளவில், அவற்றுடன் போர்த்துக்கேய மொழியிலும் சில, அகராதிகள் உட்பட. மொத்தம் நாற்பதைத் தாண்டும். இவை யாவும் ஓலையில் எழுதப்பட்டவை. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மழமழப்பாக்கி, நறுக்கி, எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால்தான் எழுத்து தெரியும். ஒரு நூல் பத்து ஊர்களுக்கு வேண்டுமெனில் பத்து முறை அதைக் கீறவேண்டும். இதற்கென எழுத்தர்களை வைத்துப் பிரதிகள் செய்வித்து, ஊர் ஊராக அனுப்பினார். கொழும்பிலோ ஒல்லாந்தரிடம் அச்சுக்கூடம் இருந்தது, அங்கே 1737இல் முதற் சிங்கள அச்சுநூல் வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்திருந்தது. அச்சும் அரசும் ஒருபுறம் இருக்க, தடைசெய்யப்பட்ட மறையின் கையில் இருந்ததெல்லாம் ஓலைதான். ஆயினும் ஒளித்து வைப்பதற்கு ஓலை வசதியானது. ஒரு கட்டை மடியில் இடுக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்துவிடலாம், கூரையின் வளையில் செருகியும் வைக்கலாம்.

அவரது பெருநூல் தேவ அருள்வேத புராணம். சிங்களத்தில் தேவவேத புராணய. உலகப் படைப்பில் தொடங்கி, ஆபிரகாம், மோயீசன், தாவீது, இறைவாக்கினர் என நடந்து, மனிதரான இறைமகனின் பிறப்பு, போதனை, பாடுகள், உயிர்ப்பு வழியாக இறுதித் தீர்ப்பு வரை செல்லும் மீட்பின் வரலாறு அது. விவிலியம் முழுவதும் தாய்மொழியில் கிட்டாத மக்களுக்கு அதுவே விவிலியமாயிற்று. புராணம் என்ற பெயரும் எண்ணிப் பார்க்கத் தக்கது. கோவாவில் ஆங்கில நாட்டு இயேசு சபைக் குரு தோமஸ் ஸ்டீபன்ஸ் இயற்றிய கிறிஸ்து புராணம் 1616இலேயே அச்சில் வந்தது. அந்த மண்ணில் வளர்ந்தவருக்கு அவ்வழி புதிதன்று. கூடியிருந்து கேட்டு நெஞ்சிற் பதிப்பதற்கு நம்மவர் நெடுங்காலம் கையாண்ட வடிவத்தையே அவர் எடுத்துக்கொண்டார்.

இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. கி.பி. 400ஆம் ஆண்டளவில் கார்த்தேச்சு நகரத்துத் திருத்தொண்டர் ஒருவர், மறையை அறிய வருவோருக்குத் தம் போதனை சலிப்பூட்டுகிறதே என்று வருந்தி, ஆயர் புனித அகுஸ்தீனாரிடம் யோசனை கேட்டார். ஆயர் அவருக்கெனச் சிறு நூலொன்றையே எழுதினார். கோட்பாடுகளை வரிசையாக அடுக்காமல், படைப்பு முதல் இன்றைய திருச்சபை வரை இறைவனின் அன்புச் செயலைக் கதையாகச் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். கேட்போர் நின்று களைத்தால் இருக்கை கொடுக்கவும், சொல்பவர் மகிழ்ச்சியோடு சொல்லவும் அதில் அறிவுரை உண்டு. கொன்சால்வெஸ் அடிகளார் அந்நூலை முன்வைத்துத்தான் எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆபிரிக்கக் கரையில் ஆதித் திருச்சபைத் தந்தை வகுத்த முறையும் இலங்கை மலைநாட்டில் இவர் மேற்கொண்ட முறையும் ஒன்றே. விசுவாசத்தை முதலில் வரலாறாகவும் பின்னரே விளக்கமாகவும் தருவது அம்முறை. நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வினாவிடையை மனனஞ் செய்விக்கிறோம். ஏவாளும் நோவாவும் யோசேப்பும் அவர்களுக்கு உறவினரைப் போல் பழக்கமாகிறார்களா என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

அறநெறிக்கென அவர் எழுதிய சிங்கள நூல்களின் பெயர்களைக் கவனியுங்கள். சுகிர்த தர்ப்பணய, அதாவது நற்செயல்களின் கண்ணாடி. தர்மோத்யானய, அறத்தின் பூங்கா. அஞ்ஞான ஔஷதய, அறியாமைக்கு மருந்து. ஞானாஞ்ஜனய, அறிவுக் கண்ணுக்கு மை. கண்ணாடி, பூங்கா, மருந்து, மை எல்லாம் வீட்டோடு ஒட்டியவை. பாவம் என்பதை நீதிமன்றத்துக் குற்றமாக மட்டும் காணாமல், நோயாகவும் கண்மறைவாகவும் காணும் பார்வை இப்பெயர்களில் தெரிகிறது. கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்க்கவேண்டும், மருந்தைத் தானே உண்ணவேண்டும். குருவானவர் ஆண்டுக்கொரு முறை மட்டும் வரும் ஊரில், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளில்லாத மாதங்களில், மனச்சான்றை நாள்தோறும் தூய்மையாய்க் காப்பது எவ்வாறு என்பதே அம்மக்களின் உண்மையான கவலை. அதற்குத்தான் இந்நூல்கள் துணைநின்றன. தமிழில் ஞான உணர்த்துதல் என்ற நூலையும் இந்த வரிசையிலேயே வைக்கலாம்.

இறையியலைப் பாமரரின் நெஞ்சுக்குள் கொண்டுசென்றதில் தலையாயது முன்னர்க் குறித்த வியாகுலப் பிரசங்கமே. மனுவுருவெடுத்தல், மீட்பு, பரிகாரம் எனப் பெரிய சொற்களால் அறிஞர் விளக்கும் மறையுண்மைகளை, அது மகனை இழந்த தாயொருத்தியின் கண்கொண்டு காட்டுகிறது. நம்மவர் சாவு வீட்டில் பாடியழும் முறையை ஆலயத்துக்குள் வரவேற்றது சிறு துணிவன்று. அழுகை வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்று முகஞ்சுளிப்போர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் இருக்கின்றனர். தன் பாவத்தால் பிறிதொருவர் துன்புறுவதைக் கண்டு அழத் தெரிந்தவனுக்கே மனந்திரும்புதல் என்பது சொல்லளவில் நில்லாமல் செயலாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் எழுதிய யாவும் இன்று ஒரே மனநிலையில் வாசிக்கத்தக்கவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையை மறுத்தும் பௌத்தத்தை மறுத்தும் அவர் வாதநூல்கள் எழுதினார். ஆதித் திருச்சபையிலும் இவ்விரு குரல்கள் ஒலித்தன. கிரேக்க அறிஞரிடத்தும் இறைவார்த்தையின் விதைகள் உண்டெனக் கண்டவர் மறைசாட்சி யுஸ்தீனார். ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் உறவேது எனக் கடிந்தவர் தெர்த்துல்லியன். கொன்சால்வெஸ் அடிகளாரிடத்தில் இருவரும் சேர்ந்தே குடியிருந்தனர் போலும். பௌத்தரிடம் மொழி கற்றார், அவர்கள் சொற்களையும் நடையையும் மதித்து ஏற்றார், அவர்களது சமயத்தையோ கடுமையாக எதிர்த்தெழுதினார். அக்காலத்தில் சமயவாதம் எங்கும் அவ்வாறே நடந்தது என்பது உண்மைதான். எனினும் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்குமாறு பணித்தபின், தலதா மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் வாழும் கத்தோலிக்கர் அவ்வாதநூல்களைப் போற்றி வாசிப்பது பொருத்தமாகாது. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது மாணவராய் அமர்ந்த அந்தப் பணிவையே.

முதுமையில் அவர் பெரிதும் தங்கியது போலவத்தையில். நீர்கொழும்புக்கு வடக்கே, மாஓயாவுக்கு அப்பால் உள்ள ஊர் அது. அங்கு ஆலயம் எழுப்பி, எழுத்தையும் மேய்ப்புப் பணியையும் ஒருங்கே நடத்தினார். 1739இல் நரேந்திரசிங்கன் மறைந்தான். அவனுக்கு மகன் இல்லாமையால் அவனது அரசியின் சகோதரனாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரசனானான். அரசவையின் காற்று திசைமாறத் தொடங்கியதைக் கண்டவாறே அடிகளார் தம் இறுதி நாட்களைக் கழித்தார். 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய நாட்டிலேயே, தமது அறுபத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். போலவத்தை ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். வாஸ் அடிகளாரின் கல்லறை கண்டியில் எவ்விடத்தில் இருந்தது என்பது இன்று தெரியாது. அவருடைய மாணவரின் கல்லறையைத் தரிசிக்க நமக்கு வாய்த்திருப்பது ஓர் ஆறுதல்.

அடிகளார் மறைந்த சில ஆண்டுகளுக்குள் புயல் வீசியது. கண்டி இராச்சியத்தில் கத்தோலிக்கருக்கு இருந்த ஆதரவு நீங்கியது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் அழிந்தன. கரையோரத்தில் ஒல்லாந்தரின் தடையும் நீங்கவில்லை. இரு பக்கமும் கதவு அடைபட்ட அந்நாளில் மக்களிடம் எஞ்சியிருந்தவை மனப்பாடமான செபங்களும், அண்ணாவியார் கையில் இருந்த ஓலைக் கட்டுகளுமே. மாத்தளைப் பக்கத்தில் வாகாக்கோட்டை என்னும் ஊரில், போர்த்துக்கேய வீரரின் வழிவந்தோராகக் கருதப்படும் கத்தோலிக்கர் சிறு குழுவாக வாழ்ந்தனர். நெடுங்காலம் குருவின் முகங்காணாதிருந்தும் அவர்கள் தங்கள் மறையைக் கைவிடவில்லை. அவ்வூர்ப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு இன்று நாடெங்குமிருந்து யாத்திரிகர் செல்கின்றனர்.

1796இல் கரையோரம் பிரித்தானியர் வசமாயிற்று. 1806இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை நீக்கினார். அடிகளாரின் நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக அச்சேறின. சிலாப ஆயராயிருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை அவரது சிங்களப் படைப்புகளை ஆராய்ந்தார். இயேசு சபையைச் சேர்ந்த எஸ். ஜி. பெரேரா அடிகளார், அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1942இல் அவரது வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1995இல் கொழும்பில் அருளாளராகவும் 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்ட வாஸ் அடிகளாரை நாம் நன்கறிவோம். அவர் மொழி கற்க அனுப்பிவைத்த அந்த இளங்குருவின் ஏடுகள் இன்னும் சில ஊர்களின் பழைய வீடுகளில், கறுத்துப்போன பலகைகளுக்கிடையே கட்டுண்டு கிடக்கக்கூடும். பாட்டன் பாட்டியர் விட்டுச்சென்ற ஓலைக் கட்டு எதுவும் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதை எரித்துவிடாதீர்கள். பங்குத் தந்தையிடம் காட்டுங்கள்.